வெள்ளைமேல் வெள்ளை

ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள குஷாரோ ஏரி குளிர்காலத்தில் உறைந்துவிடும். கரையோரம் வெந்நீர் ஊறும் சுனாயு போன்ற பகுதிகளில் மட்டும் தண்ணீர் உறையாது. வடக்கிலிருந்து வலசை வரும் ஹூப்பர் அன்னங்கள் அங்கேதான் கூடுகின்றன. பனிமேல் வெள்ளைப் பறவை: படமெடுப்பவர் பொறுமைக்கு இதைவிடக் கடினமான சோதனை குறைவு.

கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாகவே எடுத்துக்கொள்ளும். அதன் போக்கில் விட்டால் பனி வெளுக்காத வேட்டிபோல மங்கிவிடும். அதனால் ஒளியை 1 முதல் 2 ஸ்டாப் வரை கூட்டி எடுக்கிறார்கள். கொஞ்சம் மிஞ்சினாலோ இறகின் வரிகள் வெளிறி அழிந்துவிடும். அவற்றை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை நெருங்க வேண்டும், முட்டக் கூடாது.

உச்சிவெயில் படங்கள் எனக்குத் தட்டையாகவே தெரிகின்றன. காலைச் சூரியன் தாழ்வாகப் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள்: வெயில் பட்ட இறகில் இளமஞ்சள், நிழல் மடிப்பில் வானத்தின் நீலம். எத்தனை சாயல்கள்! மூட்டமான நாளில் பறவையும் பனியும் கரைந்து ஒன்றாகி, கண்ணும், மஞ்சளும் கறுப்புமான அலகும் மட்டுமே மிஞ்சும். பலர் ஒதுக்கும் அந்தப் படங்களைத்தான் நான் அதிக நேரம் பார்க்கிறேன்.