வேட்டிக்கு ஒத்துவரும் ட்ராமா கிட்

ஆன்லைனில் ‘ட்ராமா கிட்’ என்று விற்கும் பைகளைத் திறந்தால் உள்ளே இருப்பது போர்க்களச் சாமான்: கை கால் ரத்தத்தை இறுக்கி நிறுத்தும் டூர்னிகெட், அழுத்தக் கட்டு, ரத்தத்தை உறைய வைக்கும் காஸ், மார்பில் ஓட்டை விழுந்தால் மூடும் செஸ்ட் சீல், முனை மழுங்கிய கத்தரிக்கோல், கையுறை. குண்டடிக்குத் தயாரானது. திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் யாரும் யாரையும் சுடுவதில்லை. இங்கே ரத்தம் பார்ப்பது செங்கம் சாலையில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே சறுக்கும் டூவீலரால். வெறுங்காலில் கிரிவலம் வருபவரின் பாதத்தில் ஏறும் பாட்டில் சில்லால். ஸ்கந்தாசிரமம் போகும் கல் பாதையில் வழுக்குவதால். அப்புறம் குரங்கு. இவற்றை மனதில் வைத்துத்தான் அப்படி ஒரு பையைத் தினமும் சுமந்து பார்த்தேன்.

முதல் சிக்கல் மருத்துவமல்ல, உடை. பெல்ட்டில் மாட்டும் பச்சை நிற ராணுவப் பை வேட்டியில் நிற்காது. பேண்ட் போட்டு மாட்டினாலோ, டீக்கடையில் “சார் எந்த ஸ்டேஷன்?” என்று கேட்கிறார்கள். ஜோல்னா பையின் அடியில் போட்டால் தேவைப்படும்போது புத்தகம், தண்ணீர் பாட்டில், விபூதிப் பொட்டலம் எல்லாவற்றையும் கொட்டித்தான் எடுக்க வேண்டும். சாதாரண இடுப்புப் பைதான் சரிப்பட்டது. டூர்னிகெட் தனி அறையில், ஜிப்பைத் திறந்ததும் கையில் வருகிற மாதிரி.

அந்த டூர்னிகெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், விலையில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. அமெரிக்க ராணுவம் 2005 முதல் வீரர்களுக்குக் கொடுத்துவரும் கேட் என்ற மாடல்தான் பிரபலம். எடை 76 கிராம், பட்டையின் அகலம் 38 மில்லிமீட்டர். பட்டையை இழுத்து வெல்க்ரோவில் ஒட்டி, மேலே உள்ள திருகுகோலை ரத்தம் நிற்கும் வரை முறுக்கி, கொக்கியில் மாட்டி, கட்டிய நேரத்தை வெள்ளைப் பட்டியில் எழுத வேண்டும். காயத்துக்கு மேலே நான்கு விரல் தள்ளி. மூட்டின் மேல் கூடாது. என் தொடையில் கட்டி, பாதத்தின் மேல்புறத் துடிப்பு மறையும் வரை முறுக்கினேன். பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வலி வராவிட்டால் கட்டு சரியில்லை என்றுதான் அர்த்தம். அரைகுறை இறுக்கம் ஆபத்து. சிரை அடைபடும், தமனி ஓடிக்கொண்டே இருக்கும், ரத்தம் கூடுதலாகத்தான் போகும். கயிறு, துண்டு, அரைஞாண் எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன.

அசல் சுமார் 30 டாலர். நம்மூர் ஆன்லைன் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு அதே உருவத்தில் நகல் கிடைக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கவே ஒன்று வாங்கினேன். முறுக்க முறுக்கத் திருகுகோல் வில்லாக வளைந்தது. கொக்கியில் மாட்டும்போது ஓரம் பிளந்தது. அதை நம்பி ஒருவர் காலைக் கட்டுவதைவிடக் கையால் அழுத்திப் பிடிப்பது மேல்.

மலையைச் சுற்றி நடப்பவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை: பாம்புக் கடிக்கு டூர்னிகெட் கூடவே கூடாது. கடிவாய்க்கு மேலே கயிறு கட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. கையில் டூர்னிகெட் இருந்தால் ஆசை இன்னும் அதிகமாகும். கண்ணாடிவிரியன் கடியில் தசை அழுகும். இறுக்கிக் கட்டினால் நிலைமை மோசமாகும். கீறாமல், உறிஞ்சாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

பையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இஸ்ரேலி பேண்டேஜ் எனப்படும் அழுத்தக் கட்டு. பஞ்சு மெத்தையும் எலாஸ்டிக் துணியும் ஒன்றாகத் தைத்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளைவு. துணியை அதில் கோத்து எதிர்ப்பக்கம் இழுத்தால் காயத்தின் மேலேயே அழுத்தம் விழுகிறது. ஒரு கையாலேயே முன்கையில் சுற்ற முடிந்தது. பாட்டில் சில்லு கிழித்த குதிகால், சைலன்சர் கிழித்த கெண்டைக்கால், பாறையில் பிளந்த முட்டி எல்லாவற்றுக்கும் இது போதும். கிடைக்கவில்லையா, மெடிக்கலில் ஸ்டெரைல் காஸும் ஆறங்குல கிரேப் பேண்டேஜும் வாங்கிக்கொள்ளுங்கள். முக்கால்வாசி வேலை நடக்கும்.

ரத்தத்தை உறைய வைக்கும் வகையில் உள்நாட்டுச் சரக்கே இருக்கிறது. அகமதாபாத்தின் ஆக்சியோ பயோசொல்யூஷன்ஸ் தயாரிக்கும் ஆக்சியோஸ்டாட், கைட்டோசான் என்ற பொருளால் ஆனது. சிவப்பணுக்களை ஈர்த்துக் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடக் கூடாது, சில நிமிடம் அழுத்த வேண்டும். எடுக்கும்போது தண்ணீரில் நனைத்தால் கழன்றுவிடும். விலை அதிகம், ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

குரங்குக்கு இந்தப் பையில் ஒன்றுமே இல்லை! வாழைப்பழம் பறிக்க வந்து கையைக் கீறிவிட்டுப் போகும் ஊரில், ரேபிஸ் பயத்துக்கு முதல் மருந்து சோப்பும் தண்ணீரும்தான். 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஊசிக்குப் போக வேண்டும். எனவே செஸ்ட் சீலை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காகித சோப்பு வைத்தேன். செஸ்ட் சீலுக்கு எப்படியும் இங்கே ஆயுள் இல்லை. சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்ததன் பசை இளகி ஓரத்தில் வழிந்திருந்தது. கையுறைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வண்டியில் போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் இல்லை இது.

“108 இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?” என்று ஒரு நண்பர் கேட்டார். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் அந்த வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் தலைகளாக நிறைந்திருக்கும்போது அது நீந்தித்தான் வர வேண்டும். ஸ்கந்தாசிரமப் பாதைக்கு எந்த வண்டியும் ஏறாது. பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். அந்த இடைவெளிக்குத்தான் இந்தப் பை.

போலீஸ், கேஸ் என்று தயங்குபவர்களுக்கு: உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் விதிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாகவே அது சேர்ந்தது. செலவுக்குப் பயந்து யாரும் யாரையும் சாலையில் விட வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் வாடகை ஸ்கூட்டரில் சுற்றும் இந்தச் சாலையில் இது தெரிந்திருப்பது நல்லது.

வாங்குவதானால் முதலில் அழுத்தக் கட்டு, கையுறை, கத்தரிக்கோல். பெரிய கோயிலுக்குள் போவதாக இருந்தால் கத்தரிக்கோலை வீட்டில் வைத்துவிடுங்கள், சோதனையில் நின்று பதில் சொல்ல நேரமிருக்காது. டூர்னிகெட் எடுத்தால் இரண்டாக எடுங்கள். ஒன்று கட்டிப் பழக, மற்றது பையில் வைக்க. பழகிப் பழகி வெல்க்ரோவில் வேட்டி நூல் அப்பி, பட்டை தளர்ந்துபோனதைப் பையில் போடாதீர்கள்.