மனப்பதிவிலிருந்து திறனாய்வுக்கு: தமிழில் வாசிக்கப்படும் மூன்று இந்திய நாவல்களை முன்வைத்து

முன்னுரை

ஒரு நாவலை வாசித்து முடித்தபின் வாசகர் உள்ளத்தில் எஞ்சி நிற்பது அதன் கதைச்சுருக்கம் அன்று. ஒரு காட்சி, ஒரு பாத்திரத்தின் மீது எழுந்த சினம், காரணம் சொல்லத் தெரியாத ஒரு கலக்கம் ஆகியவையே எஞ்சுகின்றன. இவற்றை 'மனப்பதிவு' என்று குறிக்கலாம். கல்விப்புல நாவல் ஆய்வுகள் மனப்பதிவை ஐயத்தோடே நோக்கி வந்துள்ளன. கதைக்கரு, பாத்திரப்படைப்பு, சமுதாயச் சிக்கல்கள், மொழிநடை என இயல்களை வகுத்துக்கொண்டு நாவலை அவற்றுள் பகிர்ந்து வைப்பதே ஆய்வு என்னும் எண்ணம் வேரூன்றியுள்ளது. இவ்வாறு பகிர்ந்து வைத்தபின் அந்நாவல் ஏன் வாசிக்கப்பட வேண்டும் என்னும் வினாவுக்கு ஆய்வேட்டில் விடை கிடைப்பதில்லை. மனப்பதிவு ஆய்வுக்கு எதிரானது அன்று. அதன் தொடக்கப் புள்ளியே என்பதை, பிற இந்திய மொழிகளிலிருந்து தமிழுக்கு வந்த மூன்று நாவல்களின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

மனப்பதிவுத் திறனாய்வும் அதன்மீதான மறுப்பும்

தமிழில் வாசக மனப்பதிவை ஒரு திறனாய்வு முறையாகவே கைக்கொண்டவர் க.நா. சுப்ரமண்யம். 1957இல் வெளிவந்த 'படித்திருக்கிறீர்களா?' என்னும் நூலின் தலைப்பே அவரது அணுகுமுறையைச் சொல்லிவிடுகிறது. அவர் வாசகருக்குப் பாடம் நடத்தவில்லை. தாம் படித்ததைப் படிக்கச் சொன்னார். 'எழுத்து' இதழை 1959இல் தொடங்கிய சி.சு. செல்லப்பா, இம்முறை போதாது எனக் கருதி, படைப்பைக் கூறுகூறாகப் பிரித்துக் காணும் அலசல் முறையை வலியுறுத்தினார். ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதி, 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) நூலில் நாவலைச் சமூக வரலாற்றின் விளைவாக நோக்கினார், க.நா.சு.வின் அணுகுமுறையைப் பிற்காலத்தில் தனி நூலொன்றில் கடுமையாக மறுத்தார்.

இம்மறுப்புகளில் நியாயம் உண்டு. 'நல்ல நாவல்' எனப் பட்டியலிடுவோர் நன்மையின் காரணத்தைச் சொல்லாதபோது, வாசகர் அவரை நம்பலாம், அல்லது நம்பாமல் இருக்கலாம், வாதிட இயலாது. எனினும் மறுப்பாளரும் ஒன்றை மறந்தனர். எந்த நாவலை அலசுவது, எதனைச் சமூக ஆவணமாகக் கொள்வது என்னும் தேர்வு, அலசலுக்கு முன்பே ஒரு வாசகரின் உள்ளத்தில் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. ஆகவே மனப்பதிவை விலக்குவதைவிட, பனுவலின் எந்தக் கூறு அதனைத் தோற்றுவித்தது எனத் திரும்பிச் சென்று தேடுவதே பயனுடையது. அவ்வாறு தேடும்போது சில பதிவுகள் உறுதிப்படும். சில பிழை எனத் தெரியவரும்.

நாடி பார்க்கும் விரல்: 'ஆரோக்கிய நிகேதனம்'

தாராசங்கர் பந்த்யோபாத்யாயரின் 'ஆரோக்கிய நிகேதனம்' 1956ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற வங்க நாவல். த.நா. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. பரம்பரை வைத்தியரான ஜீவன் மஷாய் நாடியைத் தொட்டு நோயாளியின் இறப்பை முன்னறிந்து சொல்லிவிடுவார். ஊருக்கு வந்த இளம் மருத்துவர் பிரத்யோத்துக்கு இது கொடுமையாகப் படுகிறது.

இந்நாவலை முதல்முறை வாசிப்பவர் பெரும்பாலும் இதனைப் பழைய மருத்துவத்துக்கும் புதிய மருத்துவத்துக்கும் இடையிலான போராகக் கொள்வர். நாவலாசிரியர் பழையதன் பக்கம் நிற்கிறார் என்ற எண்ணத்தோடு நூலை மூடுவர். தமிழ் வாசகருக்கு இது இன்னும் எளிதில் நேரும். நாடி, வாதம், பித்தம், கபம் ஆகிய சொற்கள் சித்த மருத்துவ மரபின்வழி அவருக்குப் பழகியவை. தம் ஊர் வைத்தியரை அவர் ஜீவன் மஷாயில் கண்டுகொள்கிறார். அந்தப் பழக்கமே அவரது தீர்ப்பையும் முன்கூட்டி எழுதிவிடுகிறது.

பனுவலுக்குத் திரும்பினால் இப்பதிவு நிலைப்பதில்லை. ஜீவன் மஷாய் ஆயுர்வேதத்தைத் தந்தையிடமும், மேலை மருத்துவத்தை ரங்கலால் டாக்டரிடமும் கற்றவர். புதிய மருந்துகளின் ஆற்றலை அவர் வியப்போடு ஏற்கும் இடங்களும் உள்ளன. தம் மகனுடைய நாடியிலேயே சாவின் வரவை அறிந்துகொள்ளும் இடத்தில் அவரது ஞானம் அவருக்குப் பெருமையாக இல்லை. தாங்க முடியாத சுமையாக இருக்கிறது. மனைவி ஆத்தர் பௌவின் தீராத கசப்பு அந்தச் சுமையை வாழ்நாள் முழுதும் நினைவூட்டுகிறது. எனவே நாவலின் மையம் மருத்துவ முறைகளின் போட்டி அன்று. சாவை அறிந்தவன் எவ்வாறு வாழ்வது என்னும் வினாவே.

வாசகர் உள்ளத்தில் எஞ்சும் விந்தையான அமைதிக்கும் இங்கேதான் விளக்கம் கிடைக்கிறது. இத்தனை இறப்புகள் நிகழும் நாவல் அச்சத்தைத் தரவில்லை. சாவு இதில் திடீரென வருவதில்லை. அறிவிக்கப்பட்டு, காத்திருக்கப்பட்டு, பிறகு வருகிறது. வாசகரும் நோயாளியின் அருகே அமர்ந்து காத்திருக்கப் பழகுகிறார். முதுமையில் தம் நாடியையே தொட்டுப் பார்த்து, வரவிருப்பதை உணர்ந்துகொள்ள ஜீவன் மஷாய் விழையும்போது அப்பயிற்சி நிறைவடைகிறது. அமைதி என்னும் மனப்பதிவு நாவலின் கால அமைப்பிலிருந்து பிறப்பது என்பது இதனால் புலனாகும்.

மரத்தில் செதுக்கிய செய்தி: 'நீலகண்டப் பறவையைத் தேடி'

அதீன் பந்த்யோபாத்யாயரின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' வாசகரை வேறு வகையில் சோதிக்கிறது. கொல்கத்தாவில் நெடுங்காலம் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தியின் மொழிபெயர்ப்பில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட நூல் இது. களம் 1947 பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்கம். அந்நிலத்தின் ஆறுகளும் ஏரிகளும், இந்து முஸ்லிம் குடும்பங்களின் ஊடாட்டமும் தமிழ் வாசகரின் பட்டறிவில் இல்லாதவை. பிரிவினை அவருக்குப் பாடநூல் செய்தி. தொடக்கப் பக்கங்களில் உறவுமுறைப் பெயர்களே அவரைத் தடுமாறச் செய்யும்.

ஆயினும் இந்நாவலை வாசித்தவர் எளிதில் மறப்பதில்லை. மறக்க முடியாதவை எவை என்று கேட்டுப் பார்த்தால், அவை வரலாற்று நிகழ்ச்சிகளாக இருப்பதில்லை. காதலியை இழந்து சித்தம் கலங்கித் திரியும் மணீந்திரநாத், தொலைந்த பறவைகளை அழைப்பவர்போலக் கை தட்டுவது. பசி தாளாமல் ஏரியில் கிழங்கு தேடி இறங்கிய ஜலாலி அங்கேயே மாண்டுபோவது. ஆற்று மணலில் தர்பூசணிக் கொடிகளைக் காத்திருக்கும் ஈசம் ஷேக்கின் தனிமை. சிறுவன் சோனாவின் வியப்பு. வாசகர் பிரிவினையை வாசிக்கவில்லை. பிரிக்கப்படவிருக்கும் ஒரு நிலத்தில் வளர்கிறார். இழப்பதற்கு அவரிடம் ஏதேனும் இருக்க வேண்டும் அல்லவா? நாவலின் நீண்ட முற்பகுதி அதனையே அவருக்கு ஈட்டித் தருகிறது. 'தொய்வு' என்று விரைந்து வாசிப்போர் குறைகூறும் பகுதிகள் இவையே என்பது கருதத்தக்கது.

முற்பகுதியில் மரத்தில் தொங்கவிடப்படும் லீக் கட்சி அறிவிப்பும், இறுதியில் சோனா மரத்தில் செதுக்கும் எழுத்தும் ஒருங்கே வைத்து எண்ணத்தக்கன. குடும்பம் நாட்டைவிட்டுச் செல்லும் வேளையில் மணீந்திரநாத் உடனில்லை. திரும்பி வந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று, தாங்கள் சென்றுவிட்ட செய்தியைச் சிறுவன் அர்ச்சுன மரத்தில் செதுக்கி வைக்கிறான். தமிழில் மருதம் எனப்படும் மரமே அது. அறிவிப்பு கூட்டத்தை நோக்கிப் பேசியது. செதுக்கிய எழுத்து ஒருவருக்காக மட்டும் எழுதப்பட்டது. அந்த ஒருவரோ எழுத்தைப் படித்துப் பொருள்கொள்ளும் நிலையில் இல்லாதவர். வாசகர் கண்கலங்குவது உணர்ச்சி மிகுதியால் அன்று. யாருக்கு எழுதப்பட்டதோ அவரை எட்டாத கடிதத்தை அவர் வாசித்துவிடுகிறார். அக்கடிதத்தின் ஒரே வாசகராக அவரே நிற்கிறார்.

கணக்கெழுதும் கை: 'ஒரு குடும்பம் சிதைகிறது'

எஸ்.எல். பைரப்பாவின் கன்னட நாவலான 'கிருஹபங்க' (1970), எச்.வி. சுப்ரமணியத்தின் மொழிபெயர்ப்பில் 'ஒரு குடும்பம் சிதைகிறது' எனத் தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாக வந்தது. பழைய மைசூர்ப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் கணக்கர் குடும்பத்துக்கு மருமகளாக வரும் நஞ்சம்மா, கணவன் சென்னிகராயர் செய்ய வேண்டிய கணக்கு வேலையைத் தானே எழுதிக் குடும்பத்தை நடத்துகிறாள். வேலை அவளுடையது, பதவியும் ஊதியமும் கணவன் பெயரில். இலை தைத்தும் பொருள் சேர்க்கிறாள். பிளேக் நோய் அவளுடைய பிள்ளைகள் இருவரைக் கொண்டுபோகிறது, பின்னர் அவளையும்.

வாசகருக்கு முதலில் எழுவது சினம். அதுவும் சென்னிகராயர் மீது. உணவொன்றே குறியாகவும், வாயைத் திறந்தால் வசையாகவும் வாழும் அம்மனிதரை மன்னிக்க இயலவில்லை. ஆனால் இச்சினத்தோடு சங்கடமான இன்னொன்றும் கலந்துள்ளது: அவர் வரும் இடங்களில் வாசகர் சிரித்தும் இருக்கிறார். நாவலாசிரியர் அவரைக் கொடியவராகப் படைக்கவில்லை; நகைப்புக்குரியவராகவே படைத்துள்ளார். ஊரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது, சிரித்துவிட்டு விட்டுவிடுகிறது. நஞ்சம்மாவின் அழிவைத் தடுக்க ஊருக்குத் தோன்றாமல் போனதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம். சிரித்த வாசகர் தம்மையும் அந்த ஊரில் ஒருவராகக் காணும்போது, முதலில் எழுந்த சினம் திசை மாறித் தம்மை நோக்குகிறது.

மற்றொரு கூறு நடை. பிள்ளைகளின் இறப்பு புலம்பலின்றி, கணக்கேட்டில் வரவு செலவு எழுதப்படுவதுபோலச் சொல்லப்படுகிறது. இவ்வறண்ட நடையைக் குறை எனக் கருதும் வாசகரும் உண்டு. நாவலின் நாயகி கணக்கெழுதுபவள் என்பதை எண்ணிப் பார்த்தால், அழுவதற்கும் நேரமில்லாத ஒருத்தியின் வாழ்வுக்கு இந்நடையே பொருந்தும் எனத் தெளியலாம். தமிழகத்தில் பரம்பரைக் கிராம அலுவலர் முறை 1980இல் நீக்கப்பட்டது. கர்ணம் வீட்டைக் கண்டிராத தலைமுறை இன்று இந்நாவலை வாசிக்கிறது. எனினும் ஒருத்தி செய்யும் வேலை இன்னொருவர் பெயரில் பதிவாகும் நிலை அத்தலைமுறைக்கு அயலானதன்று.

மொழிபெயர்ப்பும் மனப்பதிவும்

மேற்கண்ட மூன்று வாசிப்புகளிலும் வாசகருக்கும் களத்துக்கும் இடையிலான தொலைவு வேறுபடுகிறது. முதல் நாவலில் மிகையான அண்மை பிழையான தீர்ப்புக்கு இட்டுச்சென்றது. இரண்டாவதில் தொலைவே பொறுமையைக் கற்பித்தது. மூன்றாவதில் பாதி பழக்கமும் பாதி அயன்மையும் கலந்து வாசகரைத் தம்மையே பார்க்க வைத்தன. மனப்பதிவு பனுவலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வாசகரைப் பற்றியும் பேசுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே திறனாய்வாளரின் பணி.

இப்பதிவுகள் அனைத்தும் மொழிபெயர்ப்பாளரின் தமிழ் வழியாகப் பெற்றவை என்பதும் நினைக்கத்தக்கது. சாகித்திய அகாதெமியும், நேஷனல் புக் டிரஸ்டின் 'ஆதான் பிரதான்' வரிசையும் இந்திய நாவலைத் தமிழ் வாசகரின் கைக்குக் கொண்டுவந்தன. இந்நூல்கள் தமிழில் நாவல் பற்றிய எதிர்பார்ப்பையே மாற்றியமைத்தன எனலாம். ஆயினும் தமிழ்த் துறைகளில் இவை 'பிறமொழி இலக்கியம்' என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கப்படுகின்றன. ஒப்பியல் துறையிலோ மூலமொழி அறியாமை காரணமாகத் தவிர்க்கப்படுகின்றன. தமிழில் வாசிக்கப்பட்டு, தமிழ் வாசகரை மாற்றிய நூல் தமிழ் ஆய்வுக்குப் புறம்பானதாகுமா என்னும் வினா விடையின்றி நிற்கிறது. தமிழ் வாசக அனுபவத்தை ஆய்வுப்பொருளாகக் கொண்டால், மூலமொழி அறியாத ஆய்வாளரும் நேர்மையாகச் செய்யக்கூடிய பணி இங்கு நிரம்ப உண்டு.

முடிவுரை

மனப்பதிவோடு நின்றுவிடும் திறனாய்வு நம்பிக்கையை மட்டுமே கோருகிறது; மனப்பதிவே இல்லாத ஆய்வு எதையும் கோருவதில்லை. முதலில் வாசித்ததில் எஞ்சியதை மறைக்காமல் குறித்துக்கொள்ளுதல், அதற்குக் காரணமான இடத்தைப் பனுவலில் தேடுதல், அவ்விடம் அப்பதிவை மறுக்குமாயின் பதிவைக் கைவிடுதல் என்னும் மூன்று படிகளும் இணையும்போது, க.நா.சு. தொடங்கிவைத்த வாசிப்பும் அவரை மறுத்தோர் கேட்ட காரணமும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஜீவன் மஷாய் நாடியைத் தொட்டறிந்தார். தொட்டறிந்ததன் பொருளைத் தெளியவே இரு மருத்துவங்களையும் கற்றார். நாவல் வாசிப்பவருக்கும் தொடுதலும் கல்வியும் ஒருசேர வேண்டும். இவற்றுள் தொடுதலே முந்தியது என்பதை நாவல் ஆய்வுகள் இனியேனும் கருத்திற் கொள்ள வேண்டும்.