ஐஸ் பெட்டி காப்பதும் கைவிடுவதும்

ஆந்திராவின் ஜீவன்தான் உறுப்புதானத் திட்டத்தில் மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் கிடைத்து, திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையில் காத்திருக்கும் நோயாளிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் குளிர்ந்த கரைசலால் கழுவி, பைக்குள் பையாகக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைப்பதுதான் வழக்கமான முறை. 4 டிகிரிக் குளிரில் உறுப்பின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. மின்சாரமும் வேண்டாம், தனிப்பயிற்சி பெற்ற ஆளும் வேண்டாம். இந்த எளிமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் குளிர் சேமிப்பின் கவனமெல்லாம் செல் வீங்காமல் பார்ப்பதில்தான். இரத்தக் குழாயின் உட்சுவர் இரண்டாம்பட்சமாகிவிட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சவுதார்டும் 1980களில் உருவாக்கிய யு.டபிள்யூ. கரைசல் வீக்கத்தைத் தடுப்பதில் கெட்டி. அதிலுள்ள மிகுதியான பொட்டாசியமோ குழாய்த் தசையைச் சுருங்கச் செய்வது. மணிக்கணக்கில் குளிரில் கிடந்த உட்சுவர், குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைப் போதிய அளவு தருவதில்லை; இரத்தம் திரும்பப் பாயும்போது உட்சுவரின் சேதம் இன்னும் கூடுகிறது. இரத்தக் குழாயை அடைத்திருந்த கிளாம்பை எடுத்ததும் இளஞ்சிவப்பாகி விம்ம வேண்டிய சிறுநீரகம், திட்டுத்திட்டாக நீலம் பாரித்துக் கிடந்தால் அறுவை அரங்கமே மௌனமாகிவிடும்.

இதற்கு மாற்று, குளிர்ந்த கரைசலை இயந்திரத்தால் குழாய்களுக்குள் ஓயாமல் ஓட்டுவது. 2009-இல் ஐரோப்பாவில் 336 கொடையாளர்களின் இரு சிறுநீரகங்களில் ஒன்றை ஐஸிலும் மற்றதை இயந்திரத்திலும் வைத்துப் பார்த்தார்கள். தாமதமாக வேலை செய்யத் தொடங்கியவை 26.5 சதவீதத்திலிருந்து 20.8 ஆகக் குறைந்தன. ஓராண்டு கழித்து நிலைத்தவை 90 சதவீதத்திலிருந்து 94 ஆயின. 'இங்கே தூரம் குறைவு, சித்தூரிலிருந்து வேலூருக்கு ஒரு மணி நேரம்தான், இயந்திரம் எதற்கு?' என்பார்கள். இளைய கொடையாளரின் சிறுநீரகத்துக்கு அந்த வாதம் ஓரளவு செல்லும். முதியவர், நெடுநாள் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர் போன்ற கொடையாளர்களின் ஏற்கெனவே தேய்ந்த குழாய்களுக்கு அது போதாது. செலவைக் காரணம் காட்டுவோர், தாமதமாக இயங்கும் சிறுநீரகத்துக்காக நோயாளி கூடுதலாகச் செய்துகொள்ளும் டயாலிசிஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்னொன்று, சாலையைவிட நேரத்தைத் தின்பவை பொருத்தச் சோதனையும், நோயாளியை வரவழைப்பதும், அரங்கம் காலியாவதும்தான். கொடையாளரின் இரத்த மாதிரியை உறுப்பு எடுக்கும் முன்பே சோதனைக்கு அனுப்பிவிட்டால், இயந்திரம் இல்லாத ஊரிலும் ஐஸில் கிடக்கும் சில மணி நேரம் மிச்சமாகும்.