இருபத்துநான்கு பந்துகளும் ஒரு சமூகத்தின் கனவும்

கதையையும் கவிதையையும் நாடகத்தையும் விமர்சனத்துக்கு உட்படுத்தும் நாம், விளையாட்டு எழுத்தை மட்டும் அதற்குப் புறம்பானதாக ஒதுக்கி வந்துள்ளோம். நாவலைத் தொடாதவரும் அதைத் தொடுகின்றனர். கவிதையைப் புரட்டாதவரும் அதைப் புரட்டுகின்றனர். ஒரு சமூகம் தன் இளைஞரிடத்து எதை விரும்புகின்றது, எதற்கு அஞ்சுகின்றது என்பதை அவ்வெழுத்தே ஒளிவுமறைவின்றிக் காட்டுகின்றது. நமது விளையாட்டு எழுத்துக்கு இரண்டே வடிவங்கள் உண்டு. வென்றால் பரணி, தோற்றால் ஒப்பாரி. இரண்டுக்கும் இடையே ஓர் உரைநடை இன்னும் பிறக்கவில்லை. அது பிறவாமையினால் யாருக்கு நட்டம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

விஜயகாந்த் வியாஸ்காந்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராக இருந்து, கால்சுழல் பந்துவீச்சாளராக வெளிவந்தவர். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடந்துவரும் ‘வடக்கின் பெருஞ்சமர்’ யாழ்ப்பாணத்தார் எல்லோரும் அறிந்தது. 2020 டிசம்பர் 4ஆம் திகதி, தமது 19ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள், அவர் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணிக்காக லங்கா பிரீமியர் லீக் தொடரில் களமிறங்கினார். அங்கே அவர் வீழ்த்திய முதல் விக்கெட் அஞ்சலோ மத்தியூஸினுடையது. நாட்டின் முன்னாள் தலைவர் ஒருவரை, உள்நாட்டுப் போர் முடிந்தபோது ஆரம்ப வகுப்பில் இருந்திருக்கக்கூடிய வயதினரான ஓர் இளைஞர் ஆட்டமிழக்கச் செய்தார். மகிழத்தக்க செய்தியே. யாழ்ப்பாணம் மகிழ்ந்தது, கடல் கடந்தும் மகிழ்ந்தது.

ஆனால் அந்த மகிழ்ச்சி எழுத்தாக மாறியபோது நிகழ்ந்தது என்ன? ஒரு பந்துவீச்சாளர் மறைந்தார். ஒரு சின்னம் தோன்றியது. ‘அடுத்த முரளி’ என்றனர். ‘தமிழினத்தின் பெருமை’ என்றனர். அவர் பந்தை எவ்வாறு பிடிக்கின்றார், எந்தப் பந்தில் வல்லவர், எதை இன்னும் கற்கவேண்டும் என்பனவற்றை எழுத முன்வந்தோர் மிகச் சிலரே. முத்தையா முரளிதரன் கண்டியிலே வளர்ந்தவர். விலகுசுழலும் கால்சுழலும் வெவ்வேறு வித்தைகள். இருவருக்கும் பொதுவாக உள்ளது தாய்மொழி ஒன்றே. ஒப்புமையை இனத்திலிருந்து எடுத்து ஆட்டத்தின்மேல் ஒட்டிய இந்த முறை, இலக்கியத்திலே நாம் என்றோ கைவிட்ட பழைய புகழ்ச்சி மரபன்றி வேறில்லை. அரசனைச் சூரியன் என்று பாடிய புலவன் அரசனை அறிந்திருக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவ்வாறே இங்கும்.

2023இல் ஹாங்சூ நகரின் ஆசிய விளையாட்டு விழாவில் அவர் இலங்கைக்காக ஆடினார். 2024இல் வனிந்து ஹசரங்க காயமுற்றமையால், அவருக்குப் பதிலாக ஐதராபாத் அணி 50 இலட்சம் இந்திய ரூபாவுக்கு வியாஸ்காந்தை இந்தியன் பிரீமியர் லீக்குக்கு அழைத்தது. மே 8ஆம் திகதி லக்னோ அணிக்கு எதிராக முதல் ஆட்டம். நான்கு ஓவர்கள், 27 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தவை மூன்று ஆட்டங்கள். விழுந்தது ஒரே விக்கெட். பரணி ஓய்ந்தது. ‘எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்யவில்லை’ என்ற முணுமுணுப்பு எழுந்தது.

இந்த இலக்கங்களை ஒருவர் வாசிக்கத் தெரிந்து வாசித்தால் என்ன காண்பார்? அதே மே 8ஆம் திகதி லக்னோ அணி 20 ஓவர்களில் 165 ஓட்டங்கள் எடுத்தது. ஐதராபாத் அணியின் ஆரம்பத் துடுப்பாட்டக்காரர் இருவரும் விக்கெட் எதனையும் இழவாது 9.4 ஓவர்களிலேயே அவ்விலக்கைக் கடந்தனர். பந்துவீச்சாளர்கள் அடித்து நொறுக்கப்பட்ட அந்த மைதானத்திலே, அந்த இரவிலே, ஓர் ஓவருக்கு ஏழு ஓட்டங்களுக்கும் குறைவாகக் கொடுத்த 22 வயது அறிமுக வீரரைத் தோல்வியுற்றவர் என்று சொல்வதற்குக் கணக்கு இடம் தரவில்லை. விக்கெட் என்ற ஒரே பத்தியைப் பார்த்துவிட்டு மற்றப் பத்தியை மூடிக்கொண்ட வாசிப்பு அது. இருபது ஓவர் ஆட்டத்திலே ஒரு பந்துவீச்சாளருக்குக் கிடைப்பவை 24 பந்துகள். அந்த 24 பந்துகளுக்குள் ஒரு சமூகத்தின் ஏக்கம் முழுவதையும் அடைக்க முயன்றோம். அடையாதபோது பந்தைக் குறை கூறினோம்.

கால்சுழல் நின்று பழுக்கும் கலை. ஷேன் வோர்ன் 1992 ஜனவரியில் இந்தியாவுக்கு எதிராகச் சிட்னியில் ஆடிய முதல் டெஸ்டில் 150 ஓட்டங்கள் கொடுத்து ஒரு விக்கெட்டையே பெற்றார். அவரே பின்னர் 708 டெஸ்ட் விக்கெட்டுகளை எட்டினார். அன்று சிட்னியில் நமது எழுத்தாளர் ஒருவர் இருந்திருந்தால் அவருக்கு அப்பொழுதே ஒப்பாரி பாடி முடித்திருப்பார். முரளிதரனின் 800 விக்கெட்டுகளும் 1992 முதல் 2010 வரையான 18 ஆண்டுகளின், 133 டெஸ்ட் ஆட்டங்களின் விளைவு. அந்த எண்ணிக்கையை வியக்கும் நாம் அந்த ஆண்டுகளை எண்ணுவதில்லை.

வெளியே போவானேன்? அதே மத்திய கல்லூரியின் வரலாற்றிலேயே விடை உண்டு. உயரம் பாய்தல் வீரரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குச் சென்றபோது அவருக்கு வயது 17. அங்கே பதக்கம் கிட்டவில்லை. 1956இல் மெல்போர்னிலும் கிட்டவில்லை. 1958இல் டோக்கியோவில் ஆசிய விளையாட்டு விழாவின் தங்கத்தை அவர் வென்றார். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. முதல் பயணத்துக்கும் தங்கத்துக்கும் இடையே ஆறு ஆண்டுகள். அந்த ஆறு ஆண்டுகளிலே அவருக்கு வேண்டியிருந்தவை படிப்பும், முறையான பயிற்சியும், தம்பாட்டில் தோற்பதற்கான சுதந்திரமும். கலிபோர்னியாவின் பல்கலைக்கழகம் முதலிரண்டையும் அளித்தது. மூன்றாவதை அளிக்கவேண்டியது சமூகம். இன்றைய இளைஞருக்கு நாம் மறுப்பது அந்த மூன்றாவதைத்தான்.

இன்னொரு உண்மையும் நம்மைச் சுடவேண்டும். புன்னாலைக்கட்டுவனின் ஈவினையில் பிறந்து, போரினால் இடம்பெயர்ந்த வயாவிளான் மத்திய கல்லூரியில் படித்தவர் தர்ஜினி சிவலிங்கம். 2009, 2018, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளிலே அவர் இருந்தார். அவர் வெற்றியோடு வரும்வரை அவர்மீது யாரும் ஓர் இனத்தின் கனவை ஏற்றவில்லை. பெண்பிள்ளையின் விளையாட்டு என்று பாராமுகமாக இருந்தோம். அவருடைய உயரம் ஊராரின் வேடிக்கைப் பேச்சுக்கு உரியதாக இருந்த காலமும் உண்டு. எதிர்பார்ப்பின் பாரத்தை ஒருவர்மேல் குவிப்பதும், மற்றொருவரைக் காணாதிருப்பதும் ஒரே நோயின் இரு முகங்கள். விளையாடுபவரை மனிதராகப் பாராமை என்பதே அந்நோய்.

இந்நோய்க்கு மூலம் எது? தோற்கடிக்கப்பட்ட ஒரு சமூகம், கூட்டாகப் பெறமுடியாததை ஒரு தனியாளின் வடிவிலே பெற விழைகின்றது. காணியை மீட்க முடியவில்லை. காணாமற்போனோருக்குப் பதில் கிட்டவில்லை. விக்கெட் ஒன்றேனும் விழட்டும் என்ற மனநிலை அது. அதை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அந்த ஏக்கத்தை விலைபொருளாக்குவோர் இருக்கின்றனர் என்பதை மறக்கலாகாது. லங்கா பிரீமியர் லீக்கிலே ‘யாழ்ப்பாணம்’ என்ற பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தை வென்றது. 2020 முதல் 2024 வரை நடந்த அந்த ஐந்து பருவங்களில் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாணத்து மண்ணிலே நடைபெறவில்லை. ஊரின் பெயர் விற்பனைக்குப் போயிற்று; ஊர் வீட்டிலிருந்து தொலைக்காட்சி பார்த்தது.

இப்பொழுது மைதானமும் வருகின்றது என்கின்றனர். 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி, மண்டைதீவிலே 138 ஏக்கர் நிலப்பரப்பிலே 40,000 பேர் அமரத்தக்க சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்தின் பணிகளை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கி வைத்தார். தீவகத்தின் வாயிலிலே இத்தகைய முயற்சி நடப்பதை வெறுமனே எதிர்ப்பது அறிவன்று. ஆனால் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேளாதிருப்பது அதனினும் தவறு. களப்புக் கடலின் ஓரத்திலுள்ள தாழ்நிலம் அது. நீர் எங்கே வடியும், கண்டல் காடு என்னவாகும் என்று சூழலியலாளர் கேட்டுள்ளனர். 1990 ஆகஸ்டிலே இராணுவம் தீவகத்துள் புகுந்தபோது மண்டைதீவிலிருந்து காணாமற்போன இளைஞரின் உறவினர் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கின்றனர். ஆட்டக்களம் அமையும் தீவிலே அவர்களுடைய கேள்வியை மண்போட்டு மூடிவிட முடியாது.

இவற்றோடு சேர்த்து மூன்றாவது கேள்வி ஒன்றுண்டு. 40,000 இருக்கைகளுக்கு முன்னே அந்த ஆடுகளத்தில் இறங்கப்போகும் தீவகத்துப் பிள்ளை எங்கே? ஊர்காவற்றுறைப் பிள்ளையும் வேலணைப் பிள்ளையும் பண்ணைப் பாலத்தால் நகருக்கு வரலாம். நெடுந்தீவுப் பிள்ளையின் நிலை வேறு. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒரு மணிநேரப் படகுப் பயணம். காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் அதுவுமில்லை. பாடசாலை முடிந்தபின் நடக்கும் பயிற்சிக்கு நின்றால் திரும்பிப் போகப் படகு இராது. நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவுப் பிள்ளைகளுக்கும் கடலே வேலி. நகரத்துக் கல்லூரியின் விடுதிக்கும் தோற்பந்துக்கும் காலணிக்கும் பணம் கட்ட வல்ல மீனவக் குடும்பங்கள் எத்தனை? ஒருகாலத்தில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் வாங்கில் சமமாக இருப்பதற்கே போராட வேண்டியிருந்தது. வாங்கிலே இடம் கிடைத்தபின் மைதானத்திலே இடம் தானாகக் கிடைத்துவிட்டதென எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

இங்கேதான் ‘அடுத்த முரளி’ என்ற சொல்லின் உண்மையான தீங்கு வெளிப்படுகின்றது. ஒருவரை வானத்துக்கு உயர்த்துவதன்மூலம், மற்ற ஆயிரம் பேருக்கு ஏணி இல்லை என்பதை அது மறைத்துவிடுகின்றது. அந்த ஒருவர் தளர்ந்தால் பழி அவருடைய தலையில் விழுகின்றது. ஏணி அமைக்காதவர் தப்பிக்கொள்கின்றனர். நெடுங்காலம் விரிப்பு ஆடுகளத்திலே பழகிய பிள்ளைகளைப் புற்றரை ஆடுகளத்திலே நிறுத்திவிட்டுப் பந்து ஏன் திரும்பவில்லை என்று கேட்பவர், விரிப்புக்கும் புற்றரைக்கும் இடையிலுள்ள வர்க்க வேறுபாட்டைக் காண மறுப்பவரே.

ஆகவே நமக்கு வேண்டியது புகழ்ச்சியைக் குறைப்பதன்று, எழுத்தை மாற்றுவது. ஓர் இளைஞர் ஆடினால் அவருடைய ஆட்டத்தை எழுதுக. அவர் தோற்றால் எங்கே தோற்றார் என்று தொழில் தெரிந்து எழுதுக. பழகிக்கொள்ள ஆண்டுகள் வேண்டுமென்றால் அதையும் அச்சமின்றி எழுதுக. கிண்ணம் வென்ற செய்தியின் பக்கத்திலே நெடுந்தீவுப் பாடசாலை மைதானத்தின் நிலையையும் எழுதுக. பயிற்றுநர் உண்டா, மாலைப்படகு உண்டா, பெண்பிள்ளைகளுக்கு விளையாட நேரமும் இடமும் உண்டா என்று ஆண்டுதோறும் கேட்டு எழுதுக. புலம்பெயர்ந்தோரின் ஊர் ஒன்றியங்கள் ஒருநாட் சுற்றுப்போட்டிக்கும் வெற்றிக்கிண்ணத்துக்கும் செலவிடும் பணத்திலே ஒரு பகுதி பயிற்றுநரின் மாதச் சம்பளமாக மாறட்டும்.

வியாஸ்காந்த் நமக்குக் கடன்பட்டவரல்லர். 1904இலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆடப்பட்டு வந்த ஓர் ஆட்டத்திலே, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு நாட்டின் கதவு ஏன் இவ்வளவு பிந்தித் திறந்தது என்ற கேள்விக்கு நாமே விடை சொல்லவேண்டியவர்கள். அவர் இனி நூறு விக்கெட் எடுக்கலாம், எடாமலும் விடலாம். இரண்டும் அவருடைய உழைப்பையும் வாய்ப்பையும் பொறுத்தவை. நெடுந்தீவிலே ஒரு சிறுமியோ சிறுவனோ மாலைப் பயிற்சி முடிந்து படகேறி வீடு திரும்ப வழி பிறக்குமா என்பது நம்மைப் பொறுத்தது. அதைச் செய்துவிட்டு எதிர்பார்ப்போம்; அப்பொழுது எதிர்பார்ப்பது நமக்கு உரிமையாகும்.