ஜாபிக்ஸ் 7.0: புதிய சர்வருக்கு மாற்றினால் தாங்குமா?

கண்காணிப்பு மென்பொருளின் குணம் நிறுவும்போது தெரியாது. அது ஓடும் இயந்திரத்துக்கு வயதாகி, வேறொன்றுக்கு மாற்றும்போதுதான் தெரியும். அந்தச் சோதனையை ஜாபிக்ஸ் 7.0-க்கு வைத்தோம். ஹார்டு டிஸ்க்கில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பழைய சர்வரிலிருந்து என்விஎம்இ எஸ்எஸ்டி உள்ள புதிய சர்வருக்கு மாற்றம். இரண்டிலும் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல்.

லாட்வியாவின் ரிகா நகரில் உருவாகும் ஜாபிக்ஸ், 2001 முதல் திறமூல மென்பொருள். 7.0 என்பது 2024 ஜூனில் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு. உரிமக் கட்டணம் கிடையாது.

எதை எடுத்துப் போவது?

ஹோஸ்ட், டெம்ப்ளேட், டிரிகர், பயனர் கணக்கு, டாஷ்போர்டு எல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருப்பது பெரிய வசதி. வெளியே இருப்பவை சில கோப்புகளே: சர்வரின் கான்ஃபிக், வெப் பக்கத்தின் கான்ஃபிக், எச்சரிக்கை அனுப்பவும் வெளியிலிருந்து தகவல் எடுக்கவும் நாமே எழுதிய ஸ்கிரிப்ட்கள். பலர் மறப்பது இந்த ஸ்கிரிப்ட்களைத்தான்.

டேட்டாபேஸை வீங்கவைப்பது ஹிஸ்டரி டேபிள்கள். 3,000 ஐட்டங்களை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் நொடிக்கு 50 மதிப்புகள் சேரும். ஒரு மதிப்புக்குச் சுமார் 90 பைட் என்றால் 30 நாளில் ஏறத்தாழ 11 ஜிபி. அதே ஐட்டங்களின் மணிவாரிச் சுருக்கமான டிரெண்ட், 5 ஆண்டுக்கும் சேர்த்தே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆகவே அமைப்புகளையும் டிரெண்டையும் முழுதாக எடுத்துக்கொண்டு, ஹிஸ்டரி டேபிள்களை வெறும் கட்டமைப்பாக மட்டும் கொண்டுபோனால் வேலை வெகுவாகக் குறையும். இழப்பு, அண்மை நாள்களின் நுணுக்கமான கிராஃப். லாக், எழுத்து வகைத் தகவல்களுக்கு டிரெண்ட் கிடையாது. தேவையென்றால் அந்த டேபிள்களைத் தனியே எடுக்க வேண்டும்.

சறுக்கும் இடங்கள்

பைனரி லாக் இயங்கும் மைஎஸ்க்யூஎல்லில், டேட்டாபேஸ் டிரிகர்கள் காரணமாக இம்போர்ட் நின்றுபோகலாம். 'லாக் பின் டிரஸ்ட் ஃபங்ஷன் கிரியேட்டர்ஸ்' அமைப்பைத் தற்காலிகமாக 1 ஆக்கினால் தீரும்.

புதிய சர்வரைச் சோதனைக்கு ஓடவிட்டால் அதுவும் எச்சரிக்கை அனுப்பும். கண்காணிக்கப்படும் இயந்திரங்களிலுள்ள ஏஜென்ட்கள் புதிய ஐபியை ஏற்காததால் எல்லா இயந்திரமும் செத்துவிட்டதாக நினைத்துச் செய்திகளைக் கொட்டும். ஜாபிக்ஸ் சர்வர் நிரல் ஓடாவிட்டாலும் வெப் பக்கம் திறக்கும் என்பதால், முதலில் அதில் எச்சரிக்கை அனுப்பும் ஆக்‌ஷன்களை முடக்கிவிட்டுப் பிறகு சர்வரைத் தொடங்குங்கள். பழைய ஐபியையே புதிய இயந்திரத்துக்குக் கொடுக்க முடிந்தால் ஏஜென்ட்களைத் தொடவே வேண்டாம். முடியாவிட்டால் ஏஜென்ட் கான்ஃபிக்கில் இரு முகவரிகளையும் காற்புள்ளியிட்டு முன்கூட்டியே எழுதிவையுங்கள்.

ஜாபிக்ஸ் ப்ராக்ஸி இருந்தால், சர்வர் நிற்கும் இடைவெளியின் தகவல் வீணாகாது. ஆனால் இயல்பாக அது சேர்த்துவைப்பது ஒரு மணி நேரத்துக்குத்தான். மாற்றத்துக்கு முன் அதை உயர்த்துங்கள்.

மாற்றத்தோடு சேர்த்துப் பதிப்பையும் உயர்த்தலாமா? வேண்டாம். புதிய பதிப்பு தொடங்கியதுமே டேட்டாபேஸைத் தானாக மாற்றிவிடும். பேக்கப் இல்லாமல் பழையதற்குத் திரும்ப வழியில்லை.

புதிய வன்பொருளால் என்ன லாபம்?

ஜாபிக்ஸுக்குப் பெரும்பாலும் முட்டுக்கட்டை டிஸ்க்தான், சிபியு அல்ல. ஹார்டு டிஸ்க்கில் பழைய தகவலை அழிக்கும் ஹவுஸ்கீப்பர் ஓடத் தொடங்கினாலே வெப் பக்கம் தவித்தது. என்விஎம்இயில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ரேமை மட்டும் கூட்டிப் பயனில்லை. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி பஃபர் பூல் இயல்பாக 128 எம்பிதான். அதை உயர்த்தாதவரை கூடுதல் ரேமின் பெரும்பகுதி டேட்டாபேஸுக்கு எட்டாது.

நிறை, குறை

நிறை: எல்லாம் ஒரே டேட்டாபேஸில், வெளியே சிதறிய கோப்புகள் குறைவு. குறை: வெப் பக்கத்திலுள்ள எக்ஸ்போர்ட் வசதி ஹோஸ்டையும் டெம்ப்ளேட்டையும் தரும், ஆக்‌ஷனையும் பயனர் கணக்கையும் தராது. எனவே டேட்டாபேஸ் கட்டளைகள் தெரியாதவருக்கு இது தனியாள் வேலையல்ல.

தீர்ப்பு: மைஎஸ்க்யூஎல் பழக்கமுள்ள நிர்வாகிக்கு ஜாபிக்ஸ் மாற்றம் அச்சப்பட வேண்டியதல்ல. பட்ஜெட் குறைவென்றால் சிபியுவில் சிக்கனம் செய்து நல்ல எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய சர்வரை உடனே அழிக்காமல், எச்சரிக்கைகள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்த்த பிறகு அணையுங்கள்.