மேசைமேல் ஒரு போர்க்களம்

பிரிகேடியர் பீட்டர் யங் பிரிட்டிஷ் கமாண்டோ அதிகாரி. 1942இல் பிரான்சின் தியெப் துறைமுகத்தின் மீதான தாக்குதலின்போது, ஒரே படகில் வந்திறங்கிய சுமார் 20 பேரோடு செங்குத்தான கடலோரப் பாறையில் ஏறினார். வயலில் பதுங்கிச் சுட்டு, ஒரு ஜெர்மானியப் பீரங்கி அணியையே திணறடித்தார். போரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர், பணி ஓய்வுக்குப் பிறகும் பொம்மைச் சிப்பாய்களை மேசையில் அணிவகுக்க வைத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் போர் வரலாறு கற்பித்தபடியே, லாஃபோர்ட் என்ற இன்னொரு முன்னாள் அதிகாரியோடு சேர்ந்து 1967இல் ‘சார்ஜ்!’ என்ற போர் விளையாட்டு நூலை எழுதினார்.

இந்த விளையாட்டின் உயிர் பகடையில் இருக்கிறது. அளவுகோல் வைத்துக் காலாட்படையை நகர்த்துகிறோம். குன்றுக்குப் பின்னால் குதிரைப்படை தயார். திட்டத்தில் ஒரு பிசிறு இல்லை. பகடை உருள்கிறது, முன்வரிசை அப்படியே சரிகிறது! வரைபடத்தில் வெறும் அம்புக்குறியாகப் பார்த்த தாக்குதல், அதை நடத்திய தளபதியின் வயிற்றை எப்படிக் கலக்கியிருக்கும் என்பது அப்போதுதான் உறைக்கிறது. எத்தனை புத்தகம் படித்தாலும் இது கிடைக்காது.

யங் அதோடு விடவில்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில உள்நாட்டுப் போரை நிஜ மனிதர்களைக் கொண்டே மைதானத்தில் நிகழ்த்திக்காட்டும் ‘சீல்டு நாட்’ சங்கத்தை 1968இல் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.