சேறு படிந்த கால்சட்டை

1916ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், இரண்டு பெண்கள் தங்கள் மோட்டார் சைக்கிள்களோடு சேற்றில் மாட்டிக்கொண்டார்கள். கனமழையில் மண்பாதை குழம்பாகிக் கிடந்தது. வண்டிகள் அசையவில்லை. அவற்றை அங்கேயே விட்டுவிட்டு நடந்து, கில்மன் என்ற சிறிய சுரங்க ஊரை அடைந்தார்கள். அங்கிருந்த தொழிலாளர்கள் உதவினார்கள். மறுபடி வண்டியேறி மேற்கே போனார்கள்.

அகஸ்டா, அடலைன் வான் பியூரன் என்ற சகோதரிகள் அவர்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கா அப்போது இறங்கியிருக்கவில்லை. இறங்கினால், ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசெல்லும் வேலையைப் பெண்களும் செய்ய முடியும் என்று காட்டுவதே அவர்கள் நோக்கம். ஆளுக்கு ஒரு 'இந்தியன் பவர்பிளஸ்' வண்டியில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, சுமார் 5,500 மைல்களைச் சுமார் இரண்டு மாதத்தில் கடந்து லாஸ் ஏஞ்சல்ஸை அடைந்தார்கள். வழியில் 14,000 அடிக்கு மேல் உயர்ந்த பைக்ஸ் பீக் சிகரத்தின் உச்சிவரை வண்டியிலேயே ஏறினார்கள்.

மலைச்சேற்றில் கனமான வண்டி எந்தப் பக்கமும் சாயும். சாயும் பக்கம் கால் ஊன்றியாக வேண்டும். தரை தொடும் பாவாடையோடு இது நடக்காது. தோல் சட்டையும் கால்சட்டையும் குளிருக்கும் மழைக்கும் கல்லுக்குமான பாதுகாப்பு. வண்டியின் உறுப்புகளைப் போல அதுவும் ஒரு கருவி. ஆனால் அந்த உடைக்காகவே சிகாகோவுக்கு மேற்கே இருந்த சிற்றூர்களில் சகோதரிகள் பலமுறை கைது செய்யப்பட்டார்கள். ஆண் உடை அணிந்தது குற்றமாம்! மலையில் உயிரைக் காத்த துணி, ஊருக்குள் ஒழுக்கக்கேடாகிவிட்டது.

எழுத்தில் நடந்ததும் இதுவே. அன்றைய முன்னணி மோட்டார் சைக்கிள் இதழ் ஒன்று வண்டியைப் பாராட்டியது, ஓட்டியவர்களைப் பாராட்டவில்லை; பயணத்தை விடுமுறைச் சுற்றுலா என்றது. ஒரு செய்தித்தாள், இல்லத்தரசியின் கடமையிலிருந்து தப்பிக்கவும் சீருடையில் உடலழகைக் காட்டவும் போர் ஆயத்தத்தைச் சாக்காக்கினார்கள் என்று எழுதியது. இந்த இரண்டு வாசிப்பிலும் மழை இல்லை, சேறு இல்லை. வழியைப் பார்க்க வேண்டிய கண் உடலில் போய் நின்றுவிட்டது.

நம் குறிஞ்சிப் பாடல்களைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இரவில், மழையில், யானையும் புலியும் திரியும் மலைவழியில் தலைவன் வருகிறான். வழியின் கொடுமை அவன் காதலுக்குச் சான்றாகிறது. தலைவிக்கோ அதே மலையும் மழையும் அச்சமாகவும் காத்திருப்பாகவும் மட்டுமே வந்துசேர்கின்றன. நாடும் காலமும் வேறு. ஆனால் இடர் நிறைந்த வழி ஆணுக்குப் பெருமை சேர்க்கிறது, பெண் அதில் இறங்கினால் விளக்கம் கேட்கிறது என்ற பழக்கம் நமக்குத் தெரிந்ததுதான்.

சகோதரிகளைக் கேள்வியின்றிக் கொண்டாடவும் முடியாது. முன்னாள் குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரனின் குடும்ப வழியினர் அவர்கள், வெள்ளையர், வசதியுள்ளவர்கள். போரில் பங்கு கேட்டதையே சமத்துவமாகக் கொண்டார்கள். அடுத்த தலைமுறையில் நெடுந்தூரம் வண்டியோட்டிய கறுப்பினப் பெண் பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட், நிறத்தின் பொருட்டு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டு, பெட்ரோல் நிலையங்களில் தன் வண்டிமீதே படுத்துறங்கியதாகச் சொல்லியிருக்கிறார். மழை எல்லோர்மீதும் பெய்கிறது. ஒதுங்க ஒரு திண்ணை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பெண் பயணத்தைப் பற்றி எழுதும் நாம் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால், அந்தச் செய்தித்தாள் செய்த பிழையை வேறு வகையில் நாமே செய்தவர்களாவோம்.

பயணம் முடிந்தபின் அடலைன் ராணுவத்தில் செய்தி கொண்டுசெல்லும் வேலைக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்தார்கள். 5,500 மைல் சான்று போதவில்லை. பின்னர் அவர் சட்டம் படித்துப் பட்டம் பெற்றார்; அகஸ்டா விமானம் ஓட்டினார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் தன் புகழ்க்கூடத்தில் அவர்களைச் சேர்த்தது 2002இல். அப்போது இருவருமே உயிரோடு இல்லை.

ஆகவே மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெண்ணின் பயணத்தைப் பற்றிய எழுத்து எதைப் படித்தாலும் ஓரத்தில் ஒரு குறிப்பு வையுங்கள்: பாதையையும் வானிலையையும் பற்றிய பேச்சு எந்த வரியில் நிற்கிறது, உடையைப் பற்றிய பேச்சு எந்த வரியில் தொடங்குகிறது? அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் அவள் கடந்த மலை காணாமல் போயிருக்கும். அதைத் தேடி எடுத்து மறுபடி எழுதுவது நம் வேலை.